அவனுக்கு முகம் பார்க்கத் தெரியும்

கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு அம்மாவின் கழுத்துச் சங்கிலியை ஒருவன் அறுத்த வீடியோவை எல்லோரும் பார்த்திருப்பீர்கள், மேலே விவரிக்கவில்லை. என்னைக் கொதிக்க வைத்தது அதைப் பகிர்ந்தவர்கள் ஒருவர் பின் ஒருவராக எழுதிய அந்த ஒரு வரி: "அந்த அம்மா பயந்து நடுங்குவதுகூட அவனுக்கு விளங்காது, மிருகம்."

விளங்கும். நன்றாகவே விளங்கும்.

என் அம்மாவின் சங்கிலியும் பம்பலப்பிட்டியில் ஒரு ஒழுங்கைக்குள் அப்படித்தான் போனது. வேறு பெண்களும் அந்த நேரம் அங்கே நடந்தார்கள், ஆனால் முழங்கால் வலியோடு மதிலைப் பிடித்துப் பிடித்து வந்த அம்மாவைத்தான் அவன் தெரிவுசெய்தான். 1981இல் கிரேசன், ஸ்டைன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் நியூயோர்க் தெருவில் போகிறவர்களைப் படம்பிடித்து, வன்முறைக் குற்றத்துக்காகச் சிறையில் இருந்தவர்களுக்குக் காட்டி, யாரைத் தாக்குவது சுலபம் என்று கேட்டார்கள். சுலபம் என்று அவர்கள் காட்டியவர்களின் நடையே மற்றவர்களுடையதிலிருந்து வித்தியாசமாக இருந்தது. இப்படி ஆள் பார்க்கத் தெரிந்தவனுக்கா ஒன்றும் விளங்காது?

"குற்றவாளிகளுக்கு உணர்ச்சியை அடையாளம் காண முடியாது என்று ஆய்வே இருக்கிறதே" என்பீர்கள். சரி, இருக்கிறது. 2008இல் மார்ஷ், பிளேயர் என்ற ஆய்வாளர்கள் 20 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். சமூகவிரோத நடத்தை உள்ளவர்கள் முக்கியமாக அச்சம் தெரியும் முகங்களில்தான் தடுமாறினார்கள். அது சராசரிக் கணக்கு, அதுவும் தடுமாற்றம் மட்டும்தான். முகத்தைத் தவறாகப் படிப்பதைத் திருத்தவும் இடமிருக்கிறது: குற்றத்துக்குள் போகக்கூடிய நிலையில் இருந்த இளைஞர்களுக்கு, கோபமா இல்லையா என்று தெளிவில்லாத முகங்களில் கோபத்தைக் காணாமலிருக்கப் பிரித்தானியாவில் பயிற்சி கொடுத்தார்கள், அவர்களின் மூர்க்கம் குறைந்தது என்று 2013இல் எழுதினார்கள். மிருகம் என்று தள்ளிவிட்டால் இதையெல்லாம் யார் செய்வது?

"கள்ளனுக்கு வக்காலத்தா?" என்று கேட்காதீர்கள். அவனுக்கு ஒன்றுமே விளங்காது என்று சொல்லி அவனைப் பொறுப்பிலிருந்து கழற்றிவிடுவது நீங்கள்தான். அம்மாவின் பயம் அவனுக்குத் தெரிந்தது, தெரிந்துகொண்டுதான் இழுத்தான், அதற்கு அவன் பதில் சொல்ல வேண்டும் என்கிறேன் நான். தூக்கில் போடு என்கிறவர்களோடு எனக்குப் பேச்சே இல்லை.

ஆனால் ஒன்று கேட்கிறேன். பொலிஸில் எங்கள் முறைப்பாட்டை எழுதியவர் எத்தனை பவுண், ரசீது இருக்கிறதா என்று கேட்டாரே தவிர, கழுத்தில் இரத்தக் கோட்டோடு நடுங்கிக்கொண்டிருந்த அம்மாவை ஒருதரம் நிமிர்ந்து பார்க்கவில்லை. ஒழுங்கையில் கூடியவர்கள் போன் எடுத்தார்கள், ஒரு கதிரை கொண்டுவந்து போட ஒருவருக்கும் தோன்றவில்லை. அவர்கள் யாரும் எந்தக் குற்றமும் செய்யாதவர்கள். அவர்களுக்கு அம்மாவின் முகம் விளங்கவில்லையா?