ஜேன் ஆஸ்டினுக்குக் காசும் வேண்டியிருந்தது

ஆங்கில நாவலாசிரியர் ஜேன் ஆஸ்டினைப் பற்றி யார் எழுதினாலும் ஒரே கதைதான். கூச்ச சுபாவக்காரர், புத்தகத்தில் தன் பெயரைக்கூடப் போட்டுக்கொள்ளவில்லை, பணமெல்லாம் அவருக்கு ஒரு பொருட்டே இல்லை என்று. படிக்கும்போதெல்லாம் எரிச்சலாக வருகிறது. பாராட்டு பிடிக்கும்தான், ஆனால் காசும் பிடிக்கும் என்று 1814-ல் அண்ணன் மகளுக்கு எழுதியவர் அவர்.

பெயர் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். அந்தக் காலத்தில் பெயர் போடாமல் நாவல் வெளியிடுவது சர்வசாதாரணம். ஸ்காட்லாந்து எழுத்தாளர் வால்டர் ஸ்காட்டின் 'வேவர்லி' நாவல்கூட 1814-ல் பெயரில்லாமல்தான் வந்தது. அவரை யாரும் கூச்ச சுபாவி என்று சொல்வதில்லையே?

1803-ல் ஆஸ்டின் 'சூசன்' என்ற நாவலை லண்டன் பதிப்பாளர் கிராஸ்பிக்கு 10 பவுண்டுக்கு விற்றார். விளம்பரம் வந்தது, புத்தகம் வரவில்லை. ஆறு வருடம் பார்த்துவிட்டு, 1809 ஏப்ரலில் வேறொரு பெயரில் அவர்களுக்குக் கடிதம் போட்டார்: கைப்பிரதி தொலைந்திருந்தால் இன்னொன்று தருகிறேன், பதில் வராவிட்டால் வேறு இடத்தில் வெளியிட்டுக்கொள்வேன். வந்த பதில் என்ன தெரியுமா? இந்தத் தேதிக்குள் போடுவதாக நாங்கள் ஒப்புக்கொள்ளவில்லை, வேறு யாராவது வெளியிட்டால் தடுப்போம், வேண்டுமானால் அதே 10 பவுண்டைக் கொடுத்து எடுத்துக்கொள்ளுங்கள். அப்பா 1805-ல் இறந்தபின் அண்ணன் தம்பிகள் தருவதை வைத்துக் காலம் தள்ளிய குடும்பம் அது. 1816-ல்தான் நாவலை மீட்க முடிந்தது. 'நார்த்தாங்கர் அபே' என்று அது அச்சாகி வந்தபோது அவர் உயிரோடு இல்லை.

அப்போது நெப்போலியனோடு போர், காகிதம் கடும் விலை, போதாததற்கு அதன்மேல் வரி வேறு. அச்செழுத்துகளைக் கையால்தான் கோக்க வேண்டும், அச்சானதும் பிரித்து அடுத்த வேலைக்கு எடுத்துவிடுவார்கள், அதனால் இரண்டாம் பதிப்பு என்றால் மறுபடி முதலிலிருந்து கோக்க வேண்டும். இந்தச் செலவில் புது எழுத்தாளர்மேல் பணம் போடப் பதிப்பாளர்கள் தயங்கினார்கள். 1811-ல் அவருடைய 'சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி' நாவலைப் பதிப்பாளர் எகர்ட்டன் வெளியிட்டது, நஷ்டம் வந்தால் ஆஸ்டின் தலையில் என்ற ஏற்பாட்டில்தான். நஷ்டம் வரும் என்றே நினைத்து, தன் சின்ன வருமானத்தில் அதற்காகப் பணம் ஒதுக்கி வைத்தாராம். கடைசியில் 140 பவுண்டு லாபம்!

ஆனால் அந்தப் பதிப்பு விற்றுத் தீர்ந்தது 1813-ல். அதற்கு முன்பே, 1812 இறுதியில், 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' நாவலின் உரிமையை அதே எகர்ட்டனுக்கு 110 பவுண்டுக்கு மொத்தமாகக் கொடுத்துவிட்டார். அவர் எதிர்பார்த்தது 150. 1813 ஜனவரியில் வந்த புத்தகம் அதே வருடம் இரண்டாம் பதிப்பு கண்டது, அதில் அவருக்குச் சல்லிக்காசு கிடையாது. எனக்கு மனசு ஆறாத இடம் இதுதான்.

அதன் பிறகு உரிமையை விற்கவே இல்லை. 1815-ல் ஜான் மர்ரே என்ற பதிப்பாளர் மூன்று நாவல்களின் உரிமைக்குச் சேர்த்து 450 பவுண்டு தருவதாகச் சொன்னார். ஆள் போக்கிரிதான், ஆனால் மரியாதை தெரிந்த போக்கிரி என்று அக்காவுக்கு எழுதிவிட்டு, 'எம்மா' நாவலைத் தன் பொறுப்பிலேயே 2000 பிரதி போட வைத்தார். சரி, இந்தத் தடவை அடி விழுந்தது. மர்ரே போட்ட 'மேன்ஸ்ஃபீல்ட் பார்க்' நாவலின் இரண்டாம் பதிப்பு ஓடவில்லை, அந்த நஷ்டத்தை 'எம்மா' லாபத்தில் கழித்துக்கொண்டு மர்ரே கொடுத்தது 38 பவுண்டு சொச்சம்.

இதைக் காட்டி அவருக்கு வியாபாரம் தெரியாது என்பவர்களும் உண்டு. நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 110 பவுண்டுக்குக் கைவிட்டதன் பலனைக் கண்ணால் பார்த்தவர், மறுபடி அதே தவற்றைச் செய்ய மறுத்தார். ஆஸ்டினுக்கு அறிமுகக் கட்டுரை எழுதுகிறவர்கள் கிராஸ்பிக்குப் போட்ட அந்தக் கடிதத்தைப் பற்றியும் இரண்டு வரி எழுதுங்கள், கூச்சக் கதையை விட்டுவிடுங்கள்.