முதல் ஐந்து நிமிடத்தை நம்பி ஆள் எடுக்காதீர்கள்

"உள்ளே நுழையும்போதே தெரிஞ்சிடும் சார், ஆள் தேறுவாரா மாட்டாரான்னு." நேர்காணல் எடுப்பவர்கள் பலர் இதைப் பெருமையாகச் சொல்வார்கள். சொல்பவர்கள் அனுபவசாலிகள்தான், நல்ல மனிதர்களும்கூட. ஆனாலும் இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது. ராத்திரி முழுக்கத் தூங்காமல் தயாராகி வந்த ஒருவருடைய பிழைப்பு, அவர் நாற்காலியை இழுத்து உட்காரும் முன்பே முடிவாகிவிடுகிறது என்றுதானே இதற்கு அர்த்தம்?

பார்த்தவுடன் ஒரு எண்ணம் வருவதை யாராலும் தடுக்க முடியாது, அது சரி. 2006இல் ஜானின் வில்லிஸ், அலெக்சாண்டர் டோடோரோவ் இருவரும் செய்த ஆய்வில், முன்பின் தெரியாத முகத்தை நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் காட்டினாலே போதும், இவர் நம்பத்தக்கவரா, திறமையானவரா என்று மக்கள் முடிவு செய்துவிட்டார்கள். கூடுதல் நேரம் கொடுத்தபோதும் முடிவு பெரிதாக மாறவில்லை. அந்த முடிவின் மேல் அவர்களுக்கு இருந்த உறுதிதான் கூடியது. எண்ணம் வருவதை நான் குறை சொல்லவில்லை. வந்த எண்ணம் அதோடு நிற்பதில்லை, அடுத்து நாம் கேட்கப்போகும் கேள்விகளையும் அதுவே முடிவு செய்கிறது. என் பிரச்சினை அங்கேதான் தொடங்குகிறது.

இரண்டு பேருடைய பயோடேட்டாவிலும் ஒரு வருடம் இடைவெளி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சிரித்த முகத்தோடு வந்து தெளிவாகப் பேசியவரிடம், "இந்த ஒரு வருஷம் மேற்படிப்புக்குத் தயார் பண்ணிட்டிருந்தீங்களா?" என்று கேட்போம். பதிலை நாமே எடுத்துக் கொடுத்துவிட்டோம், அவர் ஆமாம் என்று தலையாட்டினால் போதும். குரல் நடுங்க, மேசையைப் பார்த்தபடி பேசியவரிடம், "ஏன் ஒரு வருஷம் சும்மா இருந்தீங்க?" என்று கேட்போம். இப்போது அவர் என்ன சொன்னாலும் அது சாக்குப்போக்கு மாதிரிதான் கேட்கும். நேர்காணல் முடிந்ததும், "நான் நெனச்சது சரியாப் போச்சு பாத்தீங்களா" என்பார்கள். சரியாகாமல் எப்படிப் போகும்? அந்தப் பதிலை வரவழைக்கும் கேள்வியைக் கேட்டதே நாம்தானே.

இது என் ஊகம் மட்டுமல்ல. டௌகர்ட்டி, டர்பன், காலண்டர் என்ற மூன்று ஆய்வாளர்கள் நிஜமான நேர்காணல்களின் ஒலிப்பதிவுகளை வைத்து 1994இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டியது. விண்ணப்பத்தையும் தேர்வு மதிப்பெண்ணையும் பார்த்து முன்கூட்டியே பிடித்துப்போனவர்களிடம் நேர்காணல் எடுத்தவர்கள் அன்பாகப் பேசினார்கள், நிறுவனத்தைப் பற்றி உயர்வாக எடுத்துச் சொன்னார்கள், அவர்களைப் பற்றித் தோண்டிக் கேட்டது குறைவு. அதாவது, பிடித்த ஆளை நாம் சோதிப்பதே இல்லை, வாங்க வாங்க என்று கூப்பிடுகிறோம்.

அனுபவம் இதைச் சரிசெய்யாதா என்று கேட்கலாம். எப்படிச் செய்யும்? நாம் எடுத்த ஆட்களை மட்டும்தான் நாம் தினமும் பார்க்கிறோம். திருப்பி அனுப்பியவர் வேறு எங்கோ போய்ப் பிரமாதமாக வேலை செய்தால் அந்தச் செய்தி நம் காதுக்கு வருவதே இல்லை. தவறு கண்ணில் படாதவரை எத்தனை வருட அனுபவம் இருந்தும் பாடம் கிடையாது. அபூர்வமாக ஒருமுறை அது கண்ணில் பட்டது. அமெரிக்காவில் டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் ஹூஸ்டன் மருத்துவக் கல்லூரியில், 1979இல் மாணவர் சேர்க்கையெல்லாம் முடிந்த பிறகு, கூடுதலாக 50 பேரைச் சேர்க்கும்படி உத்தரவு வந்தது. நல்ல மதிப்பீடு பெற்றவர்கள் அதற்குள் வேறு கல்லூரிகளுக்குப் போய்விட்டதால், நேர்காணலுக்குப் பின் பட்டியலின் அடியில் தள்ளப்பட்டவர்களிலிருந்து அந்த 50 பேரையும் எடுக்க வேண்டியதாயிற்று. படிப்பிலும் சரி, பயிற்சிக் காலத்திலும் சரி, முதலில் தேர்வானவர்களுக்கும் இவர்களுக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. இப்படி ஒரு உத்தரவு வராத இடங்களில் எத்தனை பேர் அந்தப் பட்டியலின் அடியிலேயே கிடந்து போயிருப்பார்கள்!

நான் உட்கார்ந்திருந்த ஒரு நேர்காணலைச் சொல்கிறேன். கணக்குப் பிரிவு வேலை. வந்த பெண்ணுக்கு "உங்களைப் பத்திச் சொல்லுங்க" என்ற கேள்விக்கே தொண்டை அடைத்துவிட்டது. பக்கத்தில் இருந்தவர் பேனாவை மூடி வைத்துவிட்டார். ஆனால் வருகிற எல்லாருக்கும் ஒரே வேலையைக் கொடுத்துப் பார்ப்பது என்று முன்பே பேசி வைத்திருந்தோம். வங்கிக் கணக்கையும் அலுவலகப் பேரேட்டையும் ஒத்துப் பார்க்கும் தாள், அதில் வேண்டுமென்றே வைத்த ஒரு பிழை. தாளைக் கையில் வாங்கியதும் அந்தப் பெண் ஒரு பென்சில் கேட்டார். ஒவ்வொரு வரியாகப் புள்ளி வைத்துக்கொண்டே போய், "இந்தக் காசோலை ரெண்டு தடவை ஏறியிருக்கு" என்றார். அதுதான் நாங்கள் வைத்த பிழை. அப்புறம் இன்னும் கொஞ்சம் கீழே போய், "இங்க தேதியும் மாறியிருக்கு, இதுவும் பரீட்சைக்காகவா?" என்று கேட்டார். அது நாங்கள் வைத்தது இல்லை. அவருக்கு முன்னால் சரளமாகப் பேசிவிட்டுப் போன யாருமே அதைக் கவனித்திருக்கவில்லை. இதைக் கேட்கும்போது அவர் குரலில் நடுக்கமே இல்லை.

தயங்கிப் பேசுகிறவர் எல்லாம் திறமைசாலி என்று நான் சொல்ல வரவில்லை. அதுவும் இன்னொரு விதமான முதல் பார்வை முடிவுதான். பேச்சே வேலையாக இருக்கும் இடத்தில் பேச்சைப் பார்க்கத்தான் வேண்டும், விற்பனைக்கு ஆள் எடுத்தால் கட்டாயம் பாருங்கள். கணக்குப் பார்க்கவும் நிரல் எழுதவும் இயந்திரம் பழுது பார்க்கவும் வருபவரை ஏன் மேடைப் பேச்சாளர் மாதிரி எடை போட வேண்டும்?

செய்ய வேண்டியது ஒன்றும் கம்பசூத்திரம் இல்லை. வேலைக்குத் தேவையானதை வைத்துக் கேள்விகளை முன்பே எழுதி, எல்லாரிடமும் அதே கேள்விகளை அதே வரிசையில் கேட்க வேண்டும். ஒவ்வொரு பதிலுக்கும் அங்கேயே மதிப்பெண் போட வேண்டும். நேர்காணல் குழுவில் இருப்பவர்கள் தங்களுக்குள் பேசும் முன் தனித்தனியாக எழுதிவிட வேண்டும், மேலதிகாரி கடைசியில் வாய் திறக்க வேண்டும் (இது ஒன்றைச் செய்தாலே பாதிக் கோளாறு தீரும் என்பது என் கருத்து). பழைய ஆய்வுகளையெல்லாம் திரட்டி, உளவியல் ஆய்வாளர் பால் சாக்கெட்டின் குழு 2022இல் வெளியிட்ட கணக்கின்படி, நேர்காணல் மதிப்பீட்டுக்கும் பிற்பாடு வேலை செய்யும் விதத்துக்கும் உள்ள தொடர்பு, முழுப் பொருத்தம் 1 என்று வைத்தால், இப்படி ஒழுங்குபடுத்திய நேர்காணலில் 0.42. மனம் போன போக்கில் பேசும் நேர்காணலில் 0.19. பாதிகூட இல்லை.

"அப்போ உள்ளுணர்வுக்கு இடமே இல்லையா?" என்பார்கள். இருக்கிறது, கடைசியில். பின்னாளில் பெயர்பெற்ற உளவியலாளர் டேனியல் கானமன் 1955வாக்கில், இருபதைத் தாண்டிய வயதில், இஸ்ரேல் ராணுவத்துக்கு நேர்காணல் முறை ஒன்றை வகுத்தார். ஆறு குணங்களைத் தனித்தனியாகக் கேட்டு, ஒவ்வொன்றுக்கும் மதிப்பெண் போட்டுவிட்டுத்தான் அடுத்ததற்குப் போக வேண்டும். உள்ளுணர்வைப் பறித்துவிட்டதாக நேர்காணல் எடுப்பவர்கள் கோபப்பட்டார்கள். சரி, எல்லாம் முடிந்ததும் கண்ணை மூடி, இவர் எப்படிப்பட்ட வீரராக வருவார் என்று யோசித்து ஒரு மதிப்பெண் போடுங்கள் என்றார். அந்த மதிப்பெண்ணும் ஆறின் கூட்டுத்தொகை அளவுக்கு நன்றாகவே கணித்தது. விவரங்களைச் சேர்த்த பிறகு வரும் உள்ளுணர்வு வேறு, கதவு திறந்ததும் வருவது வேறு.

உங்கள் அலுவலகத்து நேர்காணல் படிவத்தை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். "தோற்றம்", "ஒட்டுமொத்த அபிப்பிராயம்" போன்ற கட்டங்கள் மேலே இருந்தால், முதலாவதை வேலைக்குத் தேவை இல்லையென்றால் எடுத்துவிடவும், இரண்டாவதைக் கடைசி வரிக்குக் கொண்டுபோகவும் சொல்லுங்கள். மனிதவளப் பிரிவில் இருக்கும் நண்பர்களே, இதற்கு யாருடைய அனுமதியும் பெரிதாகத் தேவைப்படாது, அடுத்த நேர்காணலுக்கு முன்பே செய்துவிடலாம்.