முதலில் காற்றுக் கணக்கு, அப்புறம் குதிரைத்திறன்

அமெரிக்காவில் செகண்ட் ஹேண்ட் சுபாரு டபிள்யூஆர்எக்ஸ் வாங்கி, வீட்டு கராஜிலேயே கை வைக்கக் கிளம்பும் தம்பிகளுக்காக இந்த நீளப் பதிவு. வண்டி வீட்டுக்கு வந்த அன்றைக்கே எல்லோரும் கேட்பது, "பவர் ஏற்ற முதலில் எந்த பார்ட் போடலாம்?" என்றுதான். என்னைக் கேட்டால், முதலில் போட வேண்டியது பார்ட் இல்லை, சோப்புத் தண்ணீர். ஏன் என்று சொல்கிறேன்.

நான் பேசுவது ஈஜே என்ற பழைய வகை டர்போ எஞ்சின் வண்டிகளைப் பற்றி: 2002 முதல் 2014 வரையான டபிள்யூஆர்எக்ஸ், 2004 முதல் 2021 வரையான எஸ்டிஐ (டபிள்யூஆர்எக்ஸின் சக்தி கூடிய அண்ணன்). 2015 டபிள்யூஆர்எக்ஸில் வந்தது எஃப்ஏ20, நேரடி இன்ஜெக்ஷன். அது வேறு கதை.

இந்த எஞ்சினில் பெட்ரோல் எவ்வளவு ஊற்றுவது என்று ஈசியூ, அதாவது எஞ்சினின் கம்ப்யூட்டர், முடிவு செய்வது ஏர்பாக்ஸை (ஏர் ஃபில்டர் பெட்டியை) ஒட்டியிருக்கும் மாஃப் சென்சார் சொல்லும் எண்ணை வைத்துத்தான். ஒரு சூடான கம்பி, அதைக் கடந்து போகும் காற்று எவ்வளவு குளிர்விக்கிறது என்று அளக்கிறது. கல்யாண மண்டப வாசலில் நின்று ஆள் எண்ணி, பந்திக்கு இத்தனை இலை போடு என்று உள்ளே சொல்லி அனுப்புகிற ஆள் மாதிரி. பின்வாசல் வழியாக யாராவது உள்ளே வந்தாலோ வெளியே போனாலோ அவருக்குத் தெரியாது. இலைக் கணக்கு தப்பும். எக்ஸாஸ்ட் வேகத்தில் சுழன்று எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போ உள்ள காரில் வரும் கோளாறுகளில் பெரும்பங்கு இந்தப் பின்வாசல் விவகாரம்தான்.

ஓட்டை எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்து அறிகுறி மாறும். மாஃபுக்கும் டர்போவுக்கும் நடுவில் இருப்பது உறிஞ்சும் பகுதி. அங்கே ஓட்டை என்றால் எண்ணப்படாத காற்று உள்ளே வரும், கலவை பெட்ரோல் குறைந்து லீன் ஆகும். டர்போவுக்கும் த்ராட்டிலுக்கும் (காற்று வழியைத் திறந்து மூடும் கதவு) நடுவில் என்றால் பூஸ்ட் (டர்போ காற்றைத் தள்ளும் அழுத்தம்) ஏறும்போது எண்ணப்பட்ட காற்று வெளியே போய்விடும். அப்போது கலவை பெட்ரோல் கூடி ரிச், பின்னால் கரும்புகை, காணாமல் போன காற்றையும் சேர்த்துத் தள்ள வேண்டிய டர்போ கூடுதல் வேகத்தில் சுழன்று சூடாகும். த்ராட்டிலுக்குப் பிறகு என்றால் இரட்டை வேடம்: ஐடிலில் (வண்டி நின்று எஞ்சின் மட்டும் ஓடும்போது) லீன், பூஸ்டில் ரிச். இந்த மூன்றையும் மனதில் வைத்துக்கொண்டு ஃப்யூயல் ட்ரிம் எண்களை (கலவையைச் சரிக்கட்ட ஈசியூ தானாகக் கூட்டிக் குறைக்கும் பெட்ரோல் சதவீதம்) படித்தால், பானெட்டைத் திறக்கும் முன்பே பாதி தேடல் முடிந்துவிடும். ஐடிலில் ட்ரிம் +12, நெடுஞ்சாலையில் +2 என்றால் பெரும்பாலும் த்ராட்டிலுக்குப் பின்னால்தான் தேட வேண்டும். எல்லா வேகத்திலும் ஒரே அளவு கூடியிருந்தால் மாஃப் அழுக்கா, பெட்ரோல் பம்ப் சோர்ந்துவிட்டதா என்று பாருங்கள். (எண்ணெய் தடவிய ஏர் ஃபில்டர் போட்டவர்கள் மாஃபை முதலில் பாருங்கள். அதற்கென்றே விற்கும் ஸ்ப்ரே மட்டும்தான் அடிக்கலாம், பிரேக் கிளீனர் ஆகாது. கம்பியைக் கையால் தொடாதீர்கள். நன்றாகக் காய்ந்த பிறகுதான் மாட்ட வேண்டும்.)

இனி சோப்புத் தண்ணீர், அதாவது குழாய்களுக்குள் காற்றை அடைத்து நுரையால் ஓட்டை தேடும் சோதனை. டர்போவுக்குக் காற்று போகும் இன்லெட் ஹோஸின் வாய்க்குப் பொருந்துகிற பிவிசி மூடி ஒன்று, அதில் துளை போட்டு மாட்டிய டியூப்லெஸ் டயர் வால்வு ஒன்று. செலவு ஒரு வேளை ஹோட்டல் சாப்பாடுதான். எஞ்சின் ஆறியிருக்க வேண்டும், அணைந்திருக்க வேண்டும். மாஃபுக்குப் பின்னால் ஹோஸைக் கழற்றி மூடியைச் செருகி கிளாம்ப் போடுங்கள். இங்கே பலரும் விடும் தவறு ஒன்று: வால்வ் கவரிலிருந்தும் கிராங்க் கேஸிலிருந்தும் வரும் பிரீதர் ஹோஸ்கள் இந்த இன்லெட்டில்தான் வந்து சேரும். அவற்றைக் கழற்றி, இன்லெட் பக்கத் துளைகளை அடைக்காமல் காற்றடித்தால் அழுத்தம் முழுக்க எஞ்சின் வயிற்றுக்குள் போய், நன்றாக இருந்த ஆயில் சீலையும் பிதுக்கிவிடும். அடைத்த பிறகு, காற்றடிக்கும் கம்ப்ரசரின் ரெகுலேட்டரை 5 பிஎஸ்ஐயில் வைத்து ஆரம்பித்து, மெதுவாக 15 வரை போங்கள். மூடியின் நேர் எதிரே முகத்தை வைக்காதீர்கள், கிளாம்ப் நழுவினால் அது பறக்கும்.

பிறகு காதைத் தீட்டிக்கொண்டு கேட்க வேண்டியதுதான். டர்போவிலிருந்து இன்டர்கூலருக்கு (அழுத்திய காற்றை ஆற்றும் ரேடியேட்டர்) போகும் ரப்பர் இணைப்பு, இன்டர்கூலரிலிருந்து த்ராட்டிலுக்குப் போகும் ஹோஸ், பைபாஸ் வால்வின் (த்ராட்டில் மூடும்போது மிச்ச பூஸ்டை இன்லெட்டுக்கே திருப்பிவிடுவது) கேஸ்கெட், இன்டர்கூலரின் பிளாஸ்டிக் தொட்டி அலுமினியத்தோடு மடித்துச் சேரும் விளிம்பு, இன்ஜெக்டர் ஓ-ரிங், இன்டேக் மேனிஃபோல்ட் கேஸ்கெட் எல்லாவற்றிலும் சோப்புத் தண்ணீரைத் தெளியுங்கள். நுரை பொங்குகிற இடம் ஓட்டை. மிகவும் மோசமான இடம் இன்டேக் மேனிஃபோல்டுக்கு அடியில் ஒளிந்து போகும் இன்லெட் ஹோஸ்தான். டர்போ கழுத்தில் மாட்டும் இடத்தில் கிழிந்திருக்கும், மேலிருந்து பார்த்தால் தெரியவே தெரியாது. கண்ணாடியும் டார்ச்சும் வேண்டும். ஆயில் ஊற்றும் மூடி வழியாக லேசாக உஸ் என்று கேட்டால் பதற வேண்டாம். திறந்திருக்கும் வால்வ் வழியாக சிலிண்டருக்குள் போன காற்று பிஸ்டன் ரிங்கைக் கடந்து வருவது அது.

இன்னொரு சின்னப் பொருள், பெரிய தொல்லை. டர்போவின் கம்ப்ரசர் பக்கத்திலிருந்து வேஸ்ட்கேட்டுக்கும் (பூஸ்ட் போதுமானதும் திறந்து எக்ஸாஸ்டை டர்போவைச் சுற்றி விடும் கதவு) பூஸ்ட் சோலனாய்டுக்கும் (அந்தக் கதவுக்குப் போகும் அழுத்தத்தை ஈசியூ சொல்படி கசியவிடும் மின் வால்வு) பிரியும் மெல்லிய ஹோஸுக்குள், மாத்திரை மாதிரி ஒரு குட்டித் துண்டு, நடுவில் ஊசித் துளையோடு உட்கார்ந்திருக்கும். டர்போவுக்கும் டீ-இணைப்புக்கும் நடுவில் உள்ள துண்டு ஹோஸில் இருக்கும். ஹோஸை விரலால் அழுத்திக்கொண்டே போனால் ஓரிடத்தில் கெட்டியாகத் தட்டுப்படும். நீல நிற சிலிக்கான் ஹோஸ் மாற்றும் ஆர்வத்தில் பழைய ஹோஸைக் குப்பையில் போடும்போது இதுவும் சேர்ந்து போய்விடும். அது இல்லாவிட்டால் சோலனாய்டு எவ்வளவு காற்றைக் கசியவிட்டாலும் போதாது. வேஸ்ட்கேட் சீக்கிரமே திறந்து, 14 பிஎஸ்ஐ வர வேண்டிய வண்டி 7, 8-இலேயே நின்றுவிடும். மாறாக, அந்தத் துளை அடைத்தாலோ, அதற்கு அப்பால் வேஸ்ட்கேட் பக்க ஹோஸ் கிழிந்தாலோ வேஸ்ட்கேட்டுக்குத் தகவலே போகாது. பூஸ்ட் எகிறி, ஃப்யூயல் கட் விழுந்து, சுவரில் முட்டிய மாதிரி வண்டி நிற்கும். டர்போவே போச்சு என்று புதிது வாங்கக் கிளம்புவதற்கு முன் இந்த ஒரு சாண் ஹோஸைத் தடவிப் பாருங்கள். மூன்று போர்ட் சோலனாய்டு போடுகிறவர்களுக்கு மட்டும் நேர்மாறு: இந்த மாத்திரையை எடுத்துவிட வேண்டும், டியூனில் (ஈசியூவுக்குள் எழுதிவைத்த அளவுகளில்) இருக்கும் பழைய டியூட்டி எண்களும் (சோலனாய்டு திறந்திருக்கும் சதவீதம்) அதற்குப் பொருந்தாது.

ஓட்டையெல்லாம் அடைத்தாயிற்று என்றால் எஞ்சினின் உடம்பைப் பார்க்க வேண்டும். 2.5 லிட்டர் ஈஜேயின் பிஸ்டன் விட்டம் 99.5 மில்லிமீட்டர், வார்ப்பில் செய்தது. ரிங்குக்கும் ரிங்குக்கும் நடுவில் உள்ள மெல்லிய வரம்பு நாக்கிங்கில் (கலவை நேரம் தவறித் தானாக வெடிப்பது) உடையும். நாலாம் சிலிண்டர் முதலில் போவது ஊரறிந்த விஷயம். கம்ப்ரஷன் டெஸ்டில் கம்பெனி சொல்லும் அளவு 142 முதல் 171 பிஎஸ்ஐ, சிலிண்டருக்குச் சிலிண்டர் வித்தியாசம் 7 பிஎஸ்ஐக்குள். ஆனால் வரம்பு உடைந்த சிலிண்டர்கூடச் சில சமயம் இந்தச் சோதனையில் தப்பித்துவிடும், ஆகவே சிலிண்டருக்குள் காற்றடைத்து எவ்வளவு கசிகிறது என்று பார்க்கும் லீக் டவுன் டெஸ்டும் செய்யுங்கள். 20 சதவீதத்துக்கு மேல் கசிந்தால் எந்த வழி என்று காது வையுங்கள். ஆயில் மூடியில் சத்தம் என்றால் ரிங், சைலன்சர் வாயில் என்றால் எக்ஸாஸ்ட் வால்வ், ரேடியேட்டரில் குமிழி என்றால் ஹெட் கேஸ்கெட். பிளக்குகள் பக்கவாட்டில் படுத்திருக்கும். பேட்டரியை எடுத்தால் 2, 4-க்கு வழி கிடைக்கும், ஏர்பாக்ஸை எடுத்தால் 1, 3-க்கு. 16 மிமீ பிளக் சாக்கெட், நீளமும் குட்டையுமாக இரண்டு மூன்று எக்ஸ்டென்ஷன், கொஞ்சம் பொறுமை. திரும்பப் போடும்போது இடைவெளி 0.7 முதல் 0.8 மிமீ, இறுக்கம் சுமார் 21 நியூட்டன் மீட்டர். ஹெட் அலுமினியம், மரை போனால் அழுகைதான்.

அடுத்தது லாக், அதாவது வண்டி ஓடும்போது ஈசியூவின் எண்களைப் பதிவு செய்வது. காரையும் லேப்டாப்பையும் இணைக்கும் டாக்ட்ரிக்ஸ் ஓப்பன்போர்ட் கேபிள், பழைய லேப்டாப், இலவசமாகக் கிடைக்கும் ரோம்ரெய்டர் மென்பொருள் போதும். ஆர்பிஎம், த்ராட்டில், பூஸ்ட், மாஃப், டைமிங் (பிளக் தீப்பொறி விடும் நேரம்), வேஸ்ட்கேட் டியூட்டி, உள்ளே வரும் காற்றின் வெப்பம் எல்லாம் எடுங்கள். அதைவிட முக்கியம் நாக்கிங் திருத்தமும் (நாக்கிங் கேட்டதும் ஈசியூ குறைக்கும் டைமிங் டிகிரி) டைமிங் பெருக்கியும் (கூடுதல் டைமிங்கில் எவ்வளவு தரலாம் என்று ஈசியூ கற்றுவைத்த எண்). அந்தப் பெருக்கி முழு அளவில் நிற்க வேண்டும். பல வண்டிகளில் அது 1, சில பழைய மாடல்களில் 16. அது இறங்கியிருந்தால் எஞ்சின் ஏற்கெனவே புகார் கொடுத்துவிட்டது என்று அர்த்தம். எங்கோ ஓரிடத்தில் -1.4 டிகிரி தலைகாட்டினால் ஆடும் ஹீட் ஷீல்டின் சத்தமாகக்கூட இருக்கலாம். ஒரே லோடில், ஒரே ஆர்பிஎம்மில், திரும்பத் திரும்ப -2.8 வந்தால் காலை எடுத்துவிடுங்கள். மூன்றாவது கியரில் ரெட்லைன் வரை இழுப்பது தெருவில் செய்கிற வேலை இல்லை, டைனோவுக்கோ (வண்டியை நிறுத்தியே ஓட்டி சக்தி அளக்கும் உருளை மேடை) ட்ராக்குக்கோ போங்கள்.

இதெல்லாம் சரியாக இருந்தால்தான் மாற்றம். இங்கே என் கருத்து பலருக்குப் பிடிக்காது: "சும்மா மாட்டினால் போதும்" என்று, கம்பெனி ஏர்பாக்ஸுக்குப் பதிலாக விற்கும் இன்டேக்தான் இருப்பதிலேயே ஆபத்தான பார்ட். எடுத்துக்காட்டுக்கு, மாஃப் உட்காரும் குழாயின் விட்டம் 70 மிமீயிலிருந்து 76 ஆகிறது என்று வையுங்கள். பரப்பு 18 சதவீதம் கூடுகிறது. அதே காற்று மெதுவாகப் போகிறது, கம்பி குறைவாகக் குளிர்கிறது, காற்று குறைந்துவிட்டது என்று ஈசியூ நம்பி பெட்ரோலைக் குறைக்கிறது. முழு பூஸ்டில் 11.1 ஆக இருக்க வேண்டிய ஏஎஃப்ஆர் (காற்று-பெட்ரோல் விகிதம்), திருத்தம் எதுவும் இல்லையென்றால், 13-ஐத் தொடும். ட்ரிம் கற்றல் கொஞ்சம் ஈடுகட்டும், ஆனால் பிஸ்டனை அதன் கையில் ஒப்படைக்க முடியாது. இன்டேக் போடும் அன்றே மாஃப் ஸ்கேலிங்கும் (சென்சார் எண்ணைக் காற்றின் அளவாக மாற்றும் அட்டவணை) டியூனில் மாற வேண்டும். இல்லையா, கம்பெனி ஏர்பாக்ஸே இருக்கட்டும், அது நல்ல ஏர்பாக்ஸ்.

பூஸ்டை வெளியே திறந்துவிடும் ப்ளோ ஆஃப் வால்வும் இதே ஜாதி. எண்ணிய காற்றை "பிஷ்ஷ்" என்று தெருவில் விட்டால், கியர் மாற்றும்போதெல்லாம் கலவை ரிச்சாகித் தடுக்கும். சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்க்கும் பக்கத்து கார்க்காரருக்காக இந்தத் தடுக்கல் வேண்டுமா என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

டர்போவுக்குப் பின்னால் வரும் எக்ஸாஸ்ட் குழாயான டவுன்பைப்பை அகலமாகப் போட்டால் பின்னழுத்தம் குறைந்து பூஸ்ட் தானாக ஏறும். வேஸ்ட்கேட் துளை சின்னது என்பதால் குளிர்காலத்தில் கட்டுக்குள் நிற்காது. டியூன் இல்லாமல் போடாதீர்கள். புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரைக் கழற்றுவது அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டத்துக்கு விரோதம், கலிபோர்னியாவில் ஸ்மாக் (புகை) சோதனையிலும் மாட்டும். 2002–2005 டபிள்யூஆர்எக்ஸில் டர்போவுக்கு முன்னாலேயே, எஞ்சினிலிருந்து டர்போவுக்கு எக்ஸாஸ்ட் ஏறும் அப்-பைப்புக்குள், ஒரு குட்டி கன்வர்ட்டர் உண்டு. அது பொடிந்தால் துண்டுகள் நேராக டர்பைன் இறக்கையில் போய் அடிக்கும். டர்போ விசில் சத்தம் மாறினால் முதலில் சந்தேகப்பட வேண்டியது அதைத்தான்.

என் காசு என்றால் எங்கே போடுவேன்? ஏஎஃப்ஆரைத் துல்லியமாகக் காட்டும் வைட்பேண்ட் சென்சார், ஆயில் பிரஷர் கேஜ். பம்புக்கு ஆயில் உறிஞ்சும் பிக்கப் குழாயின் பற்றுவைப்பு இணைப்பு விரிசல் விடுவது தெரிந்த கோளாறு, விட்டால் பம்ப் காற்றைக் குடிக்கும். எஞ்சினுக்கு அடியில் உள்ள ஆயில் தொட்டியை (ஆயில் பேன்) கழற்றும் வேலை எப்போது வந்தாலும் அதை மாற்றிவிடுங்கள். வால்வ் டைமிங் மாறும் எஞ்சின்களில் டர்போவுக்கு ஆயில் போகும் பாஞ்சோ போல்டுக்குள் (நடுவில் ஆயில் ஓடும் துளை போல்ட்) சல்லடை ஒன்று இருக்கிறது. கசடு சேர்ந்து அடைத்தால் டர்போ பட்டினி கிடக்கும். புது வாஷரோடு மாற்றுங்கள். 3,000 மைலுக்கு ஒரு முறை ஆயில், இரண்டு முறை பெட்ரோல் போட்டால் ஒரு முறை டிப்ஸ்டிக். இந்த எஞ்சின் ஆயில் குடிக்கும், கூச்சமே படாது.

கடைசியாக ஹோஸ் மாட்டும் விதம். சிலிக்கான் ஹோஸின் உள்பக்கமும் குழாயின் வெளிப்பக்கமும் எண்ணெய்ப் பசை இல்லாமல் துடைத்திருக்க வேண்டும், பூஸ்டில் நழுவுவது பெரும்பாலும் அந்தப் பசையால்தான். கிளாம்பை குழாயின் விளிம்பு மேட்டுக்கு உள்பக்கமாக வையுங்கள், மேட்டின் மேல் வைத்தால் நிற்காது. வண்டியை நன்றாகச் சூடாக்கி, முழுக்க ஆறவிட்டு, மறுபடி ஒரு சுற்று இறுக்குங்கள். அடுத்த நாள் காலையில் இன்னொரு முறை.