அந்த முப்பது செகண்ட் வீடியோவுக்கு ஹாஹா போட்டவர்களுக்கு

நேற்று முழுக்க டைம்லைனில் அந்த வீடியோதான். யார் போட்டது, யாரெல்லாம் ஹாஹா போட்டீர்கள் என்று தெரியும். பெயர் சொல்லவில்லை. 1998 உலகக் கோப்பையில் நெதர்லாந்தின் பெர்க்காம்ப், அர்ஜென்டினா டிஃபென்டர் ராபர்ட்டோ அயாலாவைத் திருப்பிவிட்டுக் கோல் அடிக்கிறார், 2006 உலகக் கோப்பையில் ஜெர்மனி கோல்கீப்பர் லேமன் அயாலாவின் பெனால்டியைப் பிடிக்கிறார், 2007இல் தென் அமெரிக்க நாடுகளின் கோபா அமெரிக்கா இறுதியில் பிரேசிலுக்குச் சேம்சைடு கோல். பின்னணியில் வடிவேலு சிரிப்பு. கிட்டத்தட்ட இருபது வருட ஆட்டத்தை முப்பது செகண்டில் முடித்துவிட்டீர்கள். ரொம்ப சந்தோஷம்.

பெர்லினில் ஜெர்மனிக்கு எதிரான அந்த 2006 காலிறுதியில் 49ஆவது நிமிடம் கோல் போட்டது யார்? ரிக்கெல்மே அடித்த கார்னரை அத்தனை உயரமான ஜெர்மன்காரர்களுக்கு நடுவே முட்டி உள்ளே தள்ளியவர் இதே அயாலா. உயரம் 177 செ.மீ.தான். அப்புறம் ரிக்கெல்மேயை வெளியே எடுத்ததும், மெஸ்ஸியைக் கடைசிவரை பெஞ்சிலேயே வைத்திருந்ததும் கோச் பெக்கர்மான். 80ஆவது நிமிடம் ஜெர்மனியின் க்ளோஸா சமன் செய்தார், மேட்ச் பெனால்டி ஷூட்அவுட்டுக்குப் போனது. இன்னொரு அர்ஜென்டினா வீரர் கம்பியாஸோவின் பெனால்டியையும்தான் லேமன் தடுத்தார். வீடியோவில் மட்டும் அயாலா.

“பெனால்டி அடிக்கத் தெரியாதவர் ஏன் போனார்?” என்று ஒரு கமென்ட். ரிக்கெல்மேயும் ஃபார்வர்டு கிரெஸ்போவும் வெளியே உட்கார்ந்திருக்க, வேறு யார் போவதாம்? நீங்களா?

“பெர்க்காம்ப் ஏமாற்றியது பொய்யா?” பொய்யில்லை. அடுத்த கேள்வி.

கோல் வாங்காத மேட்சுக்கு யாரும் ரீல்ஸ் போடுவதில்லை, அதுதான் பிரச்சினை. 2001-02 சீசனில் அயாலா ஆடிய ஸ்பெயின் கிளப் வலென்சியா லீக்கில் 38 மேட்சில் வாங்கிய கோல்கள் 27. 31 வருடம் கழித்து லீக் பட்டம். அதை உறுதி செய்த மலாகா மேட்சில் முதல் கோல் அயாலா தலையால் முட்டிப் போட்டது. 2004இல் மறுபடியும் லீக், கூடவே ஐரோப்பிய கிளப்களுக்கான யுஇஎஃப்ஏ கோப்பை. அதே வருடம் ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் தங்கம். ஆறு மேட்ச், அர்ஜென்டினா ஒரு கோல்கூட வாங்கவில்லை. 23 வயதுக்குட்பட்டவர்கள் ஆடும் அந்தப் போட்டியில், மேற்பட்டவர்களுக்கு விட்டிருக்கும் சில இடங்களில் ஒன்றில் போய்ப் பின்னால் நின்றவர் அயாலா. இதை எந்தப் பாட்டு போட்டு எடிட் செய்வீர்கள்?

எங்கள் அண்ணனும் அயாலா மாதிரி பின்னால் நின்று தடுக்கிற ஸ்டாப்பர்தான். ஊர் டீமுக்கு வருடக்கணக்கில் ஆடினான். கணுக்கால் இரண்டு முறை போனது. ஒரு ஃபைனலில் பந்து அவன் முழங்காலில் பட்டு எங்கள் போஸ்டுக்குள்ளேயே போய்விட்டது. அவன் கல்யாண மேடையில், புதுப் பெண் வீட்டார் பக்கத்தில் நிற்கும்போது, மொய்க் கவரை நீட்டிக்கொண்டே ஒருத்தன் “என்ன சேம்சைடு, சௌக்கியமா?” என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அண்ணனும் சிரித்தான். அண்ணி என்ன விஷயம் என்று கேட்டார், யாரும் சொல்லவில்லை. அந்த ஃபைனல் வரைக்கும் டீமைக் கொண்டுவந்தது யார் என்று ஒருத்தனும் சொல்லவில்லை.

“சும்மா மீம்தானே, இதுக்கு இவ்வளவு கோபமா” என்று வருவீர்கள். வாங்க. மீம் போடுவது உங்கள் உரிமை என்றால், கோபப்படுவது என் உரிமை. ஃபார்வர்டு ஐந்து சான்ஸ் விட்டு ஒன்று போட்டால் ஹீரோ. பின்னால் நிற்பவன் ஐம்பது தடுத்து ஒன்று விட்டால் காமெடி பீஸ். வீட்டிலும் ஆபீசிலும் இதே கணக்குதான், அதைப் பேச ஆரம்பித்தால் விடிந்துவிடும்.

“அவர் உலகக் கோப்பை ஜெயிக்கவில்லையே?” 2002இல் முதல் மேட்சுக்கு முன் வார்ம்-அப்பிலேயே காயம், ஒரு நிமிடம்கூட ஆடவில்லை. 2022இல் அர்ஜென்டினா உலகக் கோப்பை ஜெயித்த கத்தாரின் லுசைலில், கோச் ஸ்கலோனிக்கு உதவிப் பயிற்சியாளர்களாக இருந்தவர்கள் யார் யார் என்று தேடிப் பாருங்கள். அந்தக் கோப்பைப் படத்தைத்தான் உங்களில் பாதிப் பேர் இன்னும் கவர் போட்டோவாக வைத்திருக்கிறீர்கள்.