சிங்கப்பூரில் பேய்ப்படம் 2005ல் தொடங்கவில்லை

2005ல் வந்த 'தி மெய்ட்'தான் சிங்கப்பூரின் முதல் பேய்ப்படம் என்று உங்கள் பதிவில் எழுதியிருக்கிறீர்கள். நல்ல படம்தான், ஆனால் முதல் படம் இல்லை. 1957லேயே சிங்கப்பூரின் கேத்தே-கெரிஸ் பட நிறுவனம் மலாய் மொழியில் 'பொந்தியானாக்' (மலாய்க் கதைகளில் வரும் பெண் பேய்) என்ற படத்தை எடுத்துவிட்டது. மரியா மெனாடோ பேயாக நடித்தார். இயக்கியவர் பி. என். ராவ், ஏற்கெனவே தமிழ்ப் படங்கள் இயக்கியவர், நம் ஆட்களே இதை மறந்துவிடுகிறோம்! படம் சக்கைப்போடு போட்டதால் அதே ஆண்டில் 'டெண்டாம் பொந்தியானாக்', 1958ல் 'சும்பா பொந்தியானாக்' என்று வரிசையாக வந்தன. போட்டிக்கு ஷா நிறுவனமும் 'அனாக் பொந்தியானாக்' எடுத்தது. முதல் இரண்டின் பிரதிகளும் தொலைந்துவிட்டன, அதனால்தான் இந்தக் குழப்பம் என்று நினைக்கிறேன். சரி, 'சும்பா பொந்தியானாக்' தப்பிப் பிழைத்திருக்கிறது. கிடைத்தால் பாருங்கள்.