ஏற்றுமதித் தடை போட்டால் ஓவியம் தப்பிவிடுமா?

"பிரிட்டனில் அரசு ஏற்றுமதித் தடை போட்டாலே ஓவியம் அங்கேயே தங்கிவிடும், பிறகு மக்களிடம் நன்கொடை கேட்பது வெறும் வசூல்" என்று ஒரு தகவல் சுற்றி வருகிறது. இது தவறு.

அந்தத் தடை தற்காலிகமானது. உள்நாட்டில் யாராவது உரிய விலை கொடுத்து வாங்க முன்வருவதற்கான அவகாசம், அவ்வளவுதான். யாரும் வராவிட்டால் வெளிநாடு போக உரிமம் கிடைத்துவிடும். ஆகவே தடை போட்ட பிறகுதான் அருங்காட்சியகங்களுக்கு உண்மையான ஓட்டமே தொடங்குகிறது.

ஜோஷுவா ரெனால்ட்ஸ் 1776 வாக்கில் வரைந்த மாய் என்ற பாலினேசிய (பசிபிக் தீவுகளைச் சேர்ந்த) இளைஞரின் ஓவியத்தைப் பாருங்கள். 2022-இல் தடை வந்தது. விலை 5 கோடி பவுண்டு. அவகாசத்தை நீட்டித்து, நிதி திரட்டி, 2023-இல் லண்டன் தேசிய உருவப்பட அருங்காட்சியகமும் அமெரிக்காவின் கெட்டி அருங்காட்சியகமும் சேர்ந்து வாங்கின. தடை மட்டும் போதுமென்றால் இத்தனை பாடு எதற்கு?

சரி, சிறு தொகைகளால் என்ன ஆகும் என்று கேட்கலாம். இங்கிலாந்தின் முதலாம் எலிசபெத் அரசியை, ஸ்பெயினின் அர்மடா என்ற கடற்படை தோற்றதன் நினைவாகக் காட்டும் அர்மடா ஓவியம் 2016-இல் தனியாரிடமிருந்து 1.03 கோடி பவுண்டுக்கு வாங்கப்பட்டது. பெரும்பங்கு, பாரம்பரியத்தைக் காக்க ஒதுக்கப்படும் தேசிய லாட்டரி நிதியிலிருந்து வந்தது, உண்மைதான். ஆனால் மக்களிடமிருந்து சுமார் 8,000 நன்கொடைகள் வந்தன. அவை மட்டுமே ஏறக்குறைய 15 லட்சம் பவுண்டு. அந்தப் படம் இன்று லண்டனின் கிரீனிச் பகுதியில், எல்லோரும் பார்க்கும்படி இருக்கிறது. அப்படிக் கொடுத்தவர்களை ஏமாந்தவர்கள் என்று சொல்வது எனக்கு வருத்தமாக இருக்கிறது.