ஆஸ்பத்திரி டீமுக்கு மார்க் போடறவங்க ஆயாம்மாவையும் கேளுங்க

காட்பாடி ஸ்டேஷன்ல வங்காளத்துல இருந்தும் ஜார்க்கண்ட்ல இருந்தும் ஃபைல் கட்டோட எறங்கற கூட்டத்த தினம் பாக்கற ஊரு நம்மளுது. எந்த டாக்டர் கைராசின்னு கேட்டா தெருவுக்கு நாலு பேர் சொல்லுவோம், ஆனா அந்த டாக்டரும் நர்ஸும் லேபும் ஃபார்மசியும் ஒருத்தருக்கொருத்தர் ஒழுங்கா பேசிக்கிறாங்களான்னு யாரும் கேக்கறதில்ல.

எங்கம்மா ஒரு ஆஸ்பத்திரில இருந்தப்ப (பேர் வேணாம்) பகல் டூட்டி டாக்டர் இன்சுலின் அளவ கொறைச்சு கேஸ் ஷீட்ல எழுதிட்டுதான் போனாரு, ஷிஃப்ட் மாறும்போது அத யாரும் சொல்லல, நைட் சிஸ்டர் பழைய அளவையே எடுத்துக்கினு வந்துட்டாங்க. பெருக்கிக்கினு இருந்த ஆயாம்மாதான் "சாயங்காலம் டாக்டர் கொறைக்க சொன்னாரே சிஸ்டர்"ன்னாங்க. சிஸ்டரும் கோவப்படாம ஷீட்ட பொரட்டிப் பாத்து மாத்தினாங்க. ரெண்டு பேர் மேலயும் எனக்கு அவ்ளோ மரியாத.

இத எந்த மார்க்குல கொண்டாருவீங்க? டீமா எப்டி வேலை செய்றாங்கன்னு மார்க் போட, ஆஸ்பத்திரில வேலை பாக்கறவங்ககிட்டயே ஃபாரம் குடுத்து "உங்க டீம் எப்டி"ன்னு கேக்கறாங்க. ஆபரேஷன் தியேட்டர்ல அப்டி கேட்ட ஆராய்ச்சில சர்ஜனுங்க நல்ல மார்க் போட்ருக்காங்க, கூட நின்ன நர்ஸுங்க கம்மியா போட்ருக்காங்க. ரெண்டையும் சேத்து சராசரி எடுத்தா அந்த வித்தியாசமே மறைஞ்சுடும், நாம பாக்க வேண்டியதே அதத்தான்.

தப்புங்கள எண்ணறதும் ஏமாத்திடும். அமெரிக்காவுல ஹார்வர்ட் யுனிவர்சிட்டில ஆராய்ச்சி பண்ண எமி எட்மண்ட்சன் 1990கள்ல மருந்து குடுக்கறதுல நடக்கற தப்புங்கள வார்டு வார்டா பாத்தாங்க, ஒத்துமையா இருந்த வார்டுலதான் அதிகமா பதிவாகியிருந்துது. அங்க பயமில்லாம வெளிய சொல்லிக்கிறாங்கன்றதுதான் அவங்க கண்டுபுடிச்சது. தப்புங்கள எழுதற ரிஜிஸ்டர் காலியா இருக்கற வார்டுக்கு பரிசு குடுத்தீங்கன்னா அடுத்த மாசம் எல்லா ரிஜிஸ்டரும் காலியாதான் இருக்கும்.

உலக சுகாதார நிறுவனத்தோட ஆபரேஷன் செக்லிஸ்ட், ஒவ்வொண்ணா சரிபாத்து டிக் போடற மொத்தம் 19 பாயிண்ட், டெல்லி உட்பட 8 ஊர்ல போட்டு பாத்து 2009ல முடிவு வந்துச்சு, சாவு 1.5 சதவீதத்துல இருந்து 0.8க்கு எறங்கியிருந்துது. கத்தி வெக்கறதுக்கு முன்னாடி ஒவ்வொருத்தரும் தன் பேரையும் வேலையையும் சொல்லணும்னு அதுல ஒரு பாயிண்ட். டிக் விழுந்துச்சான்னு பாத்தா பத்தாது, வாய தொறந்து சொன்னாங்களான்னு ஒருத்தர் அங்கயே நின்னு பாக்கணும்.

அதே மாதிரி ஷிஃப்ட் மாறும்போதும் பெட் பக்கத்துல நின்னு கேளுங்க, ஷீட்ல இருக்கறதுல எவ்ளோ அடுத்தவங்களுக்கு போய் சேருதுன்னு எழுதுங்க. ஆயாம்மா, வார்டு பாய், லேப் தம்பி எல்லார்கிட்டயும் பேர் போடாத பேப்பர்ல ஒரே கேள்வி கேளுங்க: தப்புன்னு தோணுச்சுன்னா பெரிய டாக்டர்கிட்ட சொல்லுவீங்களா? அவங்க பதில டாக்டருங்க பதிலோட கலக்காம தனியா போடுங்க. குடியாத்தம், ஆற்காடு ஆஸ்பத்திரிலயும் நாளைக்கே ஆரம்பிக்கலாம், இதுக்கு மெஷினா வாங்கப் போறோம்?